முதுகில் ஒட்டுவதும் மருந்துதான்

கேள்வி:

என் அம்மாவுக்கு 76 வயது. இரண்டு வருடங்களாக மறதி. மட்டக்களப்பில் மனநல வைத்தியரிடம் காட்டினோம். இரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு அல்சைமர் நோய் என்றார். ரிவாஸ்டிக்மின் கப்சியூலைக் காலையும் இரவும் கொடுக்கச் சொன்னார். 1.5 மில்லிகிராமில் சமாளித்தார். 3 ஆகக் கூட்டியதும் வாந்தி தொடங்கிவிட்டது. பாமசியில் வாந்திக்கு மெட்டோக்லோபிரமைட் வாங்கிக் கொடுத்தும் நிற்கவில்லை. 47 கிலோ இருந்தவர் 43 ஆகிவிட்டார். ஒரு மாதமாகக் கப்சியூலை நிறுத்தி வைத்திருக்கிறோம். கனடாவில் இருக்கும் அண்ணா, அதே மருந்து பிளாஸ்டராக வருகிறது என்று இரண்டு பெட்டி அனுப்பியிருக்கிறார். பெட்டியில் 9.5 என்று போட்டிருக்கிறது. கூடுதலாகத் தெரிந்தால் பாதியாக வெட்டி ஒட்டு என்கிறார். ஒட்டலாமா? ஒட்டினால் ஞாபகம் திரும்புமா? அம்மா பிரஷருக்கு அட்டெனோலோல் குடிக்கிறார். இரவில் தூங்குவதற்காகச் சளிக் குளிசை ஒன்றும் கொடுக்கிறோம்.

இன்னொன்று. அப்பா 2004 சுனாமியில் போய்விட்டார். அம்மா தினமும் பின்னேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு, "அப்பாவை இன்னும் காணவில்லையே" என்கிறார். உண்மையைச் சொன்னால் அன்றுதான் கேள்விப்பட்டவர்போல அழுகிறார். இதற்கும் இந்தப் பிளாஸ்டர் உதவுமா?

— பெரியகல்லாற்றிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கத்தரிக்கோலைக் கையில் எடுத்திருந்தால் முதலில் கீழே வையுங்கள். இந்தப் பிளாஸ்டரை வெட்டக் கூடாது. 9.5 ஐ முழுதாகவும் இப்போது ஒட்டக் கூடாது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு இந்த மருந்து பிளாஸ்டர் வடிவில் பொருந்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. அண்ணா சொன்னதில் பாதி சரி. தூரத்தில் இருப்பவரால் அன்பைப் பார்சலில்தான் அனுப்ப முடிகிறது. பார்சலைப் பிரிக்கும் வேலை மட்டும் கிளினிக்கில் நடக்கட்டும்.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பிளாஸ்டர் என்றதும் நமக்குக் காலில் முள் குத்தினால் ஒட்டுவது நினைவுக்கு வருகிறது. ஒட்டினால் ஒட்டியது, விழுந்தால் விழுந்தது, இரண்டு ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது. குளிசை என்றால் எண்ணிக் கொடுக்கிற வீட்டில்கூட, இதை எண்ணுவதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு முதியவரை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஓயாத வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது, நாடி நாற்பதுக்குச் சற்று மேலே. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகில் மூன்று பிளாஸ்டர்கள். காலையில் மகள் ஒட்டுவார், அவர் வேலைக்குப் போகும் நாளில் மருமகள் ஒட்டுவார், ஞாயிற்றுக்கிழமை பேரன். புதியதை ஒட்ட மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. பழையதை உரிக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். எல்லோரும் அப்படிப் பிழைப்பதில்லை. பல பிளாஸ்டர்கள் ஒன்றாக ஒட்டப்பட்டதால் மரணம் நேர்ந்ததாக உலகில் பதிவுகள் உண்டு.

அந்த அறிகுறிகளை எங்கோ கேள்விப்பட்டதுபோல இருக்கிறதா? படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் வயல் செய்கிற வீடுகளுக்கு அவை நன்றாகத் தெரியும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து உடம்பில் ஏறியவருக்கு வருவதும் இதே வியர்வை, இதே எச்சில், இதே வாந்திதான். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, இரண்டும் வேலை செய்யும் இடம் ஒன்று. மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததோடு பேச அசற்றைல்கோலின் என்ற பொருள் தேவை. பேசி முடிந்ததும் அதைச் சிதைத்து அகற்ற ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியின் கையைக் கட்டுவதுதான் கார்பமேட், ஓர்கனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளின் வேலை. ரிவாஸ்டிக்மினும் கார்பமேட் குடும்பத்துப் பிள்ளைதான். மேற்கு ஆபிரிக்காவில் கலபார் பக்கத்தில் விளையும் ஓர் அவரை விதையை, குற்றம் செய்தவரா இல்லையா என்று சோதிக்கத் தின்னக் கொடுத்தார்களாம். அந்த விதையின் நஞ்சு பைசோஸ்டிக்மின். அதன் வழியைப் பின்பற்றி ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் மார்த்தா வைன்ஸ்டொக் என்ற ஆய்வாளர் உருவாக்கியதே ரிவாஸ்டிக்மின். நஞ்சு மருந்தானது அளவால்தான். அதனால்தான் எண்ணுங்கள் என்று இத்தனை தரம் சொல்கிறேன்.

இனி, ஞாபகம் திரும்புமா என்ற கேள்வி. வரம்பில் நண்டு போட்ட ஓட்டையை அடைத்தால் வயலில் நிற்கிற தண்ணீர் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். அடைத்ததற்காக மழை பெய்யாது. அல்சைமரில் அசற்றைல்கோலின் சுரக்கும் நரம்பணுக்களே செத்துக்கொண்டு போகின்றன. மருந்து அவற்றை முளைக்க வைப்பதில்லை, சாவதை நிறுத்துவதும் இல்லை. எஞ்சியவை சுரப்பது வீணாகாமல் பார்க்கிறது. இந்தப் பிளாஸ்டரை 1,195 நோயாளிகளிடம் 24 கிழமைகள் சோதித்த ஆய்வின் முடிவுகள் 2007 இல் வெளியாகின. 70 புள்ளி கொண்ட ஞாபகப் பரிசோதனையில், வெறும் பிளாஸ்டர் ஒட்டியவர்களைவிட மருந்துப் பிளாஸ்டர் ஒட்டியவர்கள் ஒன்றரைப் புள்ளிக்குச் சற்று மேல் நல்ல நிலையில் இருந்தார்கள். அவ்வளவுதான். வீட்டில் அது எப்படித் தெரியும் என்றால், சிலர் உடுப்பைத் தாமாகப் போடுவது இன்னும் சில மாதம் நீடிக்கும், சிலர் பேச்சில் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்துகொள்வார்கள், சிலரிடம் ஒன்றுமே தெரியாது. ஆறு மாதம் கொடுத்தும் வீட்டில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டால், நிறுத்துவதைப் பற்றி வைத்தியரிடம் பேசலாம். நிறுத்துவதும் சிகிச்சையில் ஒரு முடிவுதான். அதற்காக அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அப்படியானால் பிளாஸ்டரால் என்ன லாபம்? அதே ஆய்வில்தான் பதில் இருக்கிறது. கப்சியூல் குடித்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குக் குமட்டல், 17 பேருக்கு வாந்தி. 9.5 பிளாஸ்டர் ஒட்டியவர்களில் குமட்டல் 7 பேருக்கு, வாந்தி 6 பேருக்கு. ஞாபகப் பரிசோதனையில் இரு பகுதியினரும் சமம். கப்சியூல் விழுங்கினால் ஒரு மணித்தியாலத்தில் இரத்தத்தில் மருந்து உச்சிக்கு ஏறி, பிறகு இறங்கிவிடும். அந்த உச்சிதான் வயிற்றைப் புரட்டுகிறது. பிளாஸ்டர் தோல் வழியாக நாள் முழுதும் சொட்டுச் சொட்டாகக் கசிய விடுகிறது. மருந்து ஒன்றுதான், பாதைதான் வேறு. உங்கள் அம்மாவைப்போல வாந்தியால் கப்சியூலைக் கைவிட்டவருக்கு இது கேட்டுப் பார்க்க வேண்டிய வழிதான்.

பெட்டியில் இருக்கும் எண்ணைப் பற்றி ஒரு விளக்கம். 9.5 என்பது பிளாஸ்டருக்குள் இருக்கும் மருந்தின் அளவு அல்ல. 24 மணித்தியாலத்தில் உடம்புக்குள் போகும் அளவு. உள்ளே இருப்பது 18 மில்லிகிராம். அதேபோல, இதைவிடச் சிறிய 4.6 பிளாஸ்டரில் 9 மில்லிகிராம் இருக்கும். எவ்வளவு கசியும் என்பது தோலைத் தொடும் பரப்பைப் பொறுத்தது. வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினால் இரண்டு துண்டும் சமமாக வரும் என்று யார் சொல்வது? வெட்டிய ஓரம் கிளம்பிவிடும். மற்றப் பாதி, திறந்த உறைக்குள் நாளை வரை எப்படி இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தயாரிப்பாளரே வெட்ட வேண்டாம் என்றுதான் எழுதுகிறார்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. உரித்துப் போடும் பழைய பிளாஸ்டரில் பாதிக்குப் பாதி மருந்து இன்னும் இருக்கிறது. தவழும் பேரப்பிள்ளை, குப்பையைக் கிளறும் நாய், பூனை எல்லாவற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, அது வந்த உறைக்குள்ளேயே போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத குப்பையில் போடுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள். கழுவாமல் கண்ணைக் கசக்க வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கு ஆரம்பம் 4.6. நாளுக்கு 6 மில்லிகிராம் கப்சியூலே தாங்கவில்லை, அதன்பிறகு ஒரு மாதம் மருந்தும் இல்லை, எடையோ 43 கிலோ. ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்களில் இந்த மருந்தின் தொல்லைகள் கூடுதலாகவே வரும். குறைந்தது நான்கு கிழமை 4.6 இல் இருந்து, சாப்பாடும் எடையும் சரியாக இருந்தால்தான் 9.5 என்ற பேச்சே. மாதம் ஒருமுறை எடை பாருங்கள், ஒரே தராசில். மீந்திருக்கும் கப்சியூலைப் பிளாஸ்டரோடு சேர்த்து ஒருபோதும் கொடுக்க வேண்டாம். அதைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த மற்ற மருந்துகள்தான் என்னை நிறுத்தி வாசிக்க வைத்தன. அட்டெனோலோல் நாடியை மெதுவாக்கும். ரிவாஸ்டிக்மினும் மெதுவாக்கும். இரண்டும் சேர்ந்தால் கிணற்றடியில் தலைசுற்றி விழுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. ஒட்டத் தொடங்குமுன் ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பிரஷருக்கு வேறு குளிசை மாற்றலாமா என்பதையும் கேளுங்கள். நீங்களாக அட்டெனோலோலை நிறுத்த வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து. ஆஸ்துமா, வயிற்றுப்புண், வலிப்பு முன்பு இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தூக்கத்துக்குக் கொடுக்கும் சளிக் குளிசை பெரும்பாலும் குளோர்பெனிரமினாக இருக்கும். நம் ஊரில் மூக்கு ஒழுகினாலும் கொடுக்கிறோம், உடம்பு கடித்தாலும் கொடுக்கிறோம், தூக்கத்துக்கும் கொடுக்கிறோம். அது அசற்றைல்கோலினை மறிக்கும் மருந்து. காலையில் பிளாஸ்டர் ஒட்டி வரம்பை அடைத்துவிட்டு, இரவில் அதே வரம்பை வெட்டிவிடுகிறீர்கள். மறதி உள்ள முதியவருக்கு அது மட்டுமே குழப்பத்தைக் கூட்டும், சிறுநீரையும் கட்டும். இதை இன்றிரவே நிறுத்தலாம். அம்மாவின் குழப்பத்தில் ஒரு பகுதி அதோடு குறைந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வாந்திக்கு வாங்கிய மெட்டோக்லோபிரமைட்டும் ரிவாஸ்டிக்மினோடு சேரக் கூடாது. கை கால் விறைப்பு, நடுக்கம் வரலாம். பாமசிக்காரரைக் குறை சொல்ல முடியாது. வேறு என்ன குடிக்கிறார் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அடுத்த தடவை கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

இப்போது ஒட்டும் விதம். அம்மா கைக்கு எட்டினால் பிய்த்துவிடுவார். அதனால் முதுகே நல்ல இடம், மேல்முதுகோ கீழ்முதுகோ. மேல்கையிலும் நெஞ்சிலும் ஒட்டலாம். தொடையிலும் வயிற்றிலும் வேண்டாம், அங்கே மருந்து சரியாக இறங்குவதில்லை. காலைக் குளிப்புக்குப் பிறகு, தோல் நன்றாக உலர்ந்ததும், பழையதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நம் அம்மாமார் குளித்ததும் முதுகில் தேங்காயெண்ணெய் தடவுவதும், பவுடர் போடுவதும், உளைவுக்குத் தைலம் தேய்ப்பதும் வழக்கம். அந்த இடத்தில் மட்டும் எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட தோலில் பிளாஸ்டர் நிற்காது. ஒட்டியிருக்கும்போது குளிக்கலாம், அந்த இடத்தைத் தேய்க்காமல் இருந்தால் போதும். ஒரே இடத்தில் அடுத்த 14 நாட்களுக்குத் திரும்ப ஒட்டக் கூடாது. கொஞ்ச நேரச் சிவப்பு பெரும்பாலும் தோலின் சிணுங்கல்தான். சிவப்பு பிளாஸ்டரின் எல்லையைத் தாண்டிப் பரவினாலோ, கொப்புளம் போட்டாலோ, உரித்து இரண்டு நாள் கழிந்தும் அப்படியே இருந்தாலோ அது ஒவ்வாமை. மறு பிளாஸ்டர் ஒட்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெயில் நம் ஊருக்கென்றே ஒரு தனிப் பிரச்சினை. சூடு பட்டால் தோல் வழியாக மருந்து கூடுதலாக இறங்கலாம். பின்னேர வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்காருவதாக இருந்தால் கதிரையை நிழலுக்கு நகர்த்துங்கள். முதுகுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையில் கழன்று விழுவதும் நடக்கும். விழுந்தால் புதியது ஒன்றை ஒட்டிவிட்டு, மறுநாள் வழக்கமான நேரத்திலேயே மாற்றுங்கள். மறந்துபோன நாளுக்கு ஈடாக இரண்டு ஒட்டக் கூடாது. மூன்று நாட்களுக்கு மேல் விட்டுப்போனால், 9.5 க்கு வந்துவிட்டவராக இருந்தாலும், வைத்தியரிடம் கேட்டு மறுபடி 4.6 இலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய தந்திரம் மிகச் சிறியது. சுவரில் தொங்கும் நாட்காட்டியில், ஒட்டியவர் தன் பெயரின் முதலெழுத்தை எழுத வேண்டும். இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் எழுதலாம். பழையதை உரித்த பிறகுதான் எழுத்து. சின்னம்மா வந்து நின்றாலும் மச்சாள் வந்து நின்றாலும் இந்தச் சட்டம் மாறக் கூடாது. வாந்தி, வியர்வை, எச்சில், மயக்கம் ஒன்றாக வந்தால் உடனே எல்லாப் பிளாஸ்டரையும் உரித்துவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வெற்று உறையையும் கொண்டுபோங்கள்.

அண்ணாவிடம் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. இந்தப் பெட்டிகள் தொடர்ந்து வருமா? நாளுக்கு ஒன்று என்றால் மாதம் முப்பது, வருடக்கணக்கில். 2022 இல் இங்கே மருந்துக்கு நாம் அலைந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. மூன்று மாதத்துக்கு 4.6 உம் 9.5 உம் கையில் இருப்பது உறுதியான பிறகு தொடங்குவது நல்லது. அதற்கு வழியில்லையென்றால் டொனெபெசில் என்ற குளிசை இருக்கிறது, இரவில் ஒன்று, 5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். அதுவும் நாடியை மெதுவாக்கும், அதுவும் பசியைக் குறைக்கலாம். ஆனாலும் ரிவாஸ்டிக்மின் கப்சியூல் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. அதை அம்மாவுக்கு முயன்று பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேளுங்கள். அமெரிக்காவில் 2022 இல் அனுமதி பெற்ற, கிழமைக்கு ஒருமுறை மாற்றும் பிளாஸ்டர் ஒன்றும் உண்டு. அது டொனெபெசில். வெளிநாட்டில் யாராவது கிழமைக்கு ஒன்று போதும் என்று தொலைபேசியில் சொன்னால், அந்தக் கணக்கை உங்கள் பெட்டிக்குப் போட்டுவிடாதீர்கள்.

அப்பாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்களை வாட்டுவது என்று நினைக்கிறேன். இதற்குப் பிளாஸ்டர் இல்லை. பிள்ளைகள் பொய் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்லி, ஒவ்வொரு நாளும் அம்மாவை மறுபடி அந்த டிசம்பர் 26 க்குக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். கேட்ட துக்கம் அரை மணித்தியாலத்தில் மறந்துபோகிறது. அழுத கலக்கம் மட்டும் இரவுவரை உடம்பில் தங்கிவிடுகிறது. தூக்கமின்மைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் பொய் சொல்லவும் வேண்டாம், செத்துவிட்டார் என்று சொல்லவும் வேண்டாம். "அப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா அம்மா? அப்பா என்ன சாப்பாட்டுக்கு ஆசைப்படுவார்?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மா பேசுவார். பழைய ஞாபகம் கடைசியில்தான் போகும். காலையில் சாப்பிட்டது தெரியாதவர்கள் கண்ணகி அம்மன் குளிர்த்திக்குக் கூட்டிப்போனால் சரியான இடத்தில் குரவை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா கடலுக்குப் போனவரா, வயலுக்குப் போனவரா, கந்தோருக்குப் போனவரா தெரியவில்லை. அவர் திரும்பி வரும் நேரம்தான் அந்தப் பின்னேரம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்துக்குக் கையில் ஒரு வேலை கொடுங்கள். வெங்காயம் உரிக்கலாம், கீரை ஆயலாம், உடுப்பு மடிக்கலாம். விளக்கை இருட்டுவதற்கு முன்பே போடுங்கள்.

அப்பாவைக் கேட்பது வேறு, அப்பா வாசலில் நிற்பதைக் கண்ணால் காண்பதாகச் சொல்வது வேறு. அப்படிச் சொல்லத் தொடங்கினால், முதலில் கண்ணில் புரை இருக்கிறதா, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லூவி உடல் மறதிநோய் என்ற இன்னொரு வகையிலும் இப்படி உருவங்கள் தெரியும். அந்த வகையினருக்கு ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் கடும் தீங்கு செய்யலாம். ஆகவே "கொஞ்சம் அமைதியாக்க" என்று யாரும் எழுதிக் கொடுக்குமுன் அம்மாவைப் பார்த்த மனநல வைத்தியருக்குத் தெரிய வேண்டும். நூல் கட்டுவதற்கு யாராவது கூட்டிப்போனால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நூலோடு பொட்டலத்தில் ஏதாவது பொடி தந்தால் அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மாவோடு பெட்டி இரண்டையும், எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போகும் நாள் தூரமாக இருந்தால், ஈசிஜியையும் எடையையும் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் முன்கூட்டியே பார்த்துவிடலாம். அதுவரை 9.5 பெட்டிகளைத் திறக்காமல், வெயில் படாத குளிர்ச்சியான அறையில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வேண்டாம், அங்கே சூடு. காலாவதித் திகதியைப் பார்த்து அண்ணாவுக்கு எழுதுங்கள். அடுத்த பார்சலில் 4.6 அனுப்பச் சொல்லுங்கள்.